அணு உலைக் கிராஃபைட்டை இன்னும் ஏன் மேம்படுத்திக்கொண்டே இருக்கிறார்கள்?

கேள்விக்கொத்து (இழையைத் தொடங்கியவர்)

ஸ்காட்லாந்தின் ஹன்டர்ஸ்டன் பி அணுமின் நிலையத்தை 2022 ஜனவரியில் மூடிவிட்டார்கள். உலைக்குள் அடுக்கியிருந்த கிராஃபைட் செங்கற்களில் விரிசல் விழுந்ததுதான் முக்கியக் காரணம் என்று படித்தேன். அதே ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஹிங்க்லி பாயின்ட் பி-யும் அதே வழியில் போனது.

1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் ஃபெர்மி குழு முதல் உலையை ஓட்டிக் காட்டியபோதே கிராஃபைட் கட்டிகளைத்தான் அடுக்கியிருந்தார்கள். 80 வருஷமாகக் கையில் இருக்கிற பொருள். ஆனாலும் ஐடஹோ, ஓக் ரிட்ஜ், மான்செஸ்டர் என்று எங்கு பார்த்தாலும் ‘மேம்பட்ட அணுத்தரக் கிராஃபைட்’ ஆராய்ச்சி நடக்கிறது. பென்சிலில் இருப்பதும் இதுதானே? இன்னும் கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_உலைக்காரன்

பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம், நான் அணு உலைக்காரன் இல்லை. எஃகு ஆலையில் ஆர்க் ஃபர்னஸ் (மின்பொறியால் எஃகு உருக்கும் உலை) பக்கம் வேலை பார்த்தவன். கிராஃபைட் எலக்ட்ரோடுகளோடு பழகியதால் செய்முறையை மட்டும் சொல்கிறேன்.

பென்சிலோடு இதை ஒப்பிடாதீர்கள். பெட்ரோலியக் கோக் (எண்ணெய் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி) அல்லது நிலக்கரித் தாரிலிருந்து வரும் பிட்ச் கோக்கை 1300 டிகிரி வாக்கில் சுட்டு, பொடித்து, பருமன் வாரியாகச் சலித்தெடுப்பார்கள். அதில் உருகிய தார்ப் பிட்சைச் சேர்த்துச் சூடாகப் பிசைந்து கட்டியாக்குவார்கள். அந்தப் பச்சைக் கட்டியைக் காற்றுப் படாமல் வாரக்கணக்கில் மெதுவாகச் சுட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே ஆவி கட்டி வெடித்துவிடும். பிட்சிலிருந்து ஆவி போன இடமெல்லாம் துளையாகிவிடுவதால் மறுபடி பிட்ச் ஏற்றி மறுபடி சுடுவார்கள். கடைசியில் மின்சாரம் பாய்ச்சி 2500 முதல் 3000 டிகிரி வரை கொண்டுபோனால்தான் கரி கிராஃபைட்டாகும். ஒரு கட்டி முழுசாக வெளியே வர ஆறேழு மாதம் ஆகிவிடும்.

இவ்வளவு பண்ணியும் துளை முழுதாக அடைபடாது. கச்சிதமான கிராஃபைட் படிகத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.26 கிராம். நல்ல கட்டியிலேயே 1.7 முதல் 1.85 வரைதான் கிடைக்கும். மிச்சமெல்லாம் வெற்றிடம். ஒரே லாட்டில் வந்த இரண்டு எலக்ட்ரோடுகளில் ஒன்று சொன்னபடி உழைக்கும், இன்னொன்று அடுத்த எலக்ட்ரோடோடு சேரும் நிப்பிள் இணைப்பில் முறிந்து எஃகுக் குழம்புக்குள் விழும். அன்றைக்கு ஷிஃப்டில் இருப்பவனுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு. எங்களுக்கு முறிந்தால் இன்னொன்றை மாட்டிவிடலாம். அணு உலைக்குள் போன கட்டியை யார் மாற்றுவது?

நியூட்ரான்_நேசன்

உலைக்காரர் அருமையாகத் தொடங்கி வைத்தார். உலைக்குள் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

கிராஃபைட்டின் வேலை நியூட்ரானை மெதுவாக்குவது. பிளவிலிருந்து வேகமாக வரும் நியூட்ரான் கார்பன் அணுக்களோடு சுமார் 115 தடவை மோதித்தான் தேவையான வேகத்துக்கு இறங்குகிறது. அத்தனை மோதலிலும் கார்பன் அதை விழுங்காமல் விட வேண்டும். கார்பன் விடும், ஆனால் கூடவே ஒட்டிவரும் போரான் விடாது. பத்து லட்சம் கார்பன் அணுவுக்கு ஒரு போரான் அணு இருந்தாலே நியூட்ரான் இழப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். 1941இல் ஜெர்மனியில் இயற்பியலாளர் வால்டர் போத்தே அளந்து பார்த்துக் கிராஃபைட் உதவாது என்று சொன்னது அசுத்தத்தால் வந்த வினை. ஜெர்மானியர்கள் அதே வேலையைச் செய்யும் கனநீர் பக்கம் திரும்பினார்கள். அமெரிக்காவில் ஃபெர்மியோடு வேலை பார்த்த இயற்பியலாளர் சிலார்டுக்குப் போரான் மேல் சந்தேகம் வந்து, தயாரிப்பாளர்களைத் துரத்தித் துரத்திச் சுத்தமான கிராஃபைட்டை வாங்கினார்.

தூய்மைப் பிரச்சினை பெருமளவில் அப்போதே தீர்ந்துவிட்டது. அதிக வெப்பத்தில் குளோரின் மாதிரி ஆலஜன் வாயுக்களைச் செலுத்தி அசுத்தத்தை ஆவியாக்கி வெளியேற்றும் முறை இன்று வழக்கமான வேலை. ‘மேம்பட்ட’ கிராஃபைட் என்றால் இன்னும் சுத்தமான கிராஃபைட் என்று பலர் நினைக்கிறார்கள். தலைவலி அங்கே இல்லை, அளவு மாறுவதில் இருக்கிறது.

வேக நியூட்ரான் மோதும்போது கார்பன் அணு தன் இடத்தைவிட்டுத் தெறிக்கிறது. தெறித்த அணுக்கள் அடுக்குகளுக்கு நடுவே போய்ச் சேர்வதால், படிகம் அடுக்குக்குக் குறுக்கான திசையில் நீள்கிறது, அடுக்கு ஓடும் திசையில் சுருங்குகிறது. 3000 டிகிரியிலிருந்து ஆறும்போதே கட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண் பிளவுகள் விழுந்திருக்கும். ம்ரொசோவ்ஸ்கி பிளவுகள் என்பார்கள். படிகம் நீளும் நீளத்தை முதலில் அந்தப் பிளவுகள் வாங்கிக்கொள்ளும். அதனால் வெளியிலிருந்து பார்த்தால் கட்டி சுருங்குவதாகத்தான் தெரியும். பிளவுகள் நிரம்பிய பிறகு நீள்வதற்கு இடமில்லை, கட்டி வீங்கத் தொடங்குகிறது. இந்தத் திருப்பம் எப்போது வருகிறது என்பதுதான் கட்டியின் ஆயுள் ஜாதகம். வீக்கம் அதிகமானால் புதிய விரிசல்கள் விழுந்து வலிமை போய்விடும்.

பிரிட்டனின் முதல் தலைமுறை மேக்னாக்ஸ் உலைகளில் இருந்தது பிஜிஏ என்ற வகை. ஊசி வடிவக் கோக்கைப் பிட்சோடு பிசைந்து அச்சில் தள்ளிச் செய்தது. முறுக்கு பிழிகிற மாதிரி அழுத்தித் தள்ளும்போது ஊசிகள் எல்லாம் ஒரே திசையில் படுத்துக்கொள்ளும். அதனால் கட்டி ஒரு திசையில் ஒரு மாதிரியும் குறுக்கே வேறு மாதிரியும் மாறும்.

பழைய_உலைக்காரன்

எங்களுக்கு அந்த ஊசிக் கோக்தான் உயிர்! நீளவாக்கில் வெப்ப விரிவு குறைவு, திடீர்ச் சூட்டைத் தாங்கும். எலக்ட்ரோடுக்கு எது நல்ல குணமோ அதுவே உலைக்கு ஆகாது போலிருக்கிறது.

நியூட்ரான்_நேசன்

அதேதான். மேக்னாக்ஸ் காலத்தில் எலக்ட்ரோடு செய்த தொழிற்சாலைகளிடமே அணுக் கிராஃபைட்டையும் வாங்கினார்கள். அதனால் தொழிலின் குணம் கட்டியிலும் வந்தது.

அடுத்த தலைமுறை ஏஜிஆர் (வாயுவால் குளிர்விக்கும் மேம்பட்ட உலை) உலைகளுக்குக் கில்சோகார்பன் என்ற வகையைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கில்சோனைட் என்ற இயற்கை நிலக்கீல் கிடைக்கிறது. அதிலிருந்து வரும் கோக் துகள் உருண்டையாக இருக்கும். உருண்டைக்குத் திசை கிடையாது, ஆகவே கட்டி எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் மாறுகிறது. என்னைக் கேட்டால் அணுக் கிராஃபைட் வரலாற்றில் நடந்த பெரிய முன்னேற்றம் இதுதான்.

ஹன்டர்ஸ்டனும் ஏஜிஆர்தான், அதன் விரிசலுக்கு வருவோம். செங்கல் என்கிறோமே தவிர, நடுவில் எரிபொருளுக்கான துளை கொண்ட பெரிய குழாய் மாதிரி இருக்கும் அது. உயரம் சுமார் 80 சென்டிமீட்டர். வெளிப்பக்கத்தில் சாவிக் காடிகள் வெட்டி ஒன்றோடொன்று பூட்டியிருப்பார்கள். உள்சுவர் எரிபொருளுக்குப் பக்கத்தில் இருப்பதால் நியூட்ரான் அடி அதிகம், முதலில் சுருங்குவது அதுதான். அந்தக் காலத்தில் இழுவிசை உள்பக்கம். வருஷங்கள் போனதும் உள்சுவர் திருப்பம் கண்டு வீங்க ஆரம்பிக்கிறது. அப்போது இழுவிசை வெளிப்பக்கத்துக்கு மாறுகிறது. காடியின் உள்மூலைதான் பலவீனமான இடம், அங்கிருந்து விரிசல் கிளம்புகிறது. இப்படி வரும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்திருந்தார்கள். 2018 மார்ச்சில் ஹன்டர்ஸ்டனின் 3ஆம் உலையை ஆய்வுக்காக நிறுத்தியபோது, விரிசல் எண்ணிக்கை அப்போதைய அனுமதி வரம்பான 350ஐத் தாண்டியிருக்கும் என்று கணக்கு வந்தது. திரும்ப ஓட 2020 ஆகஸ்டு ஆகிவிட்டது.

வடசென்னைவாசி

வரம்பு 350 விரிசலா? ஒரு விரிசல் வந்தாலே நிறுத்த வேண்டாமா? அதுவும் கிராஃபைட் எரியக்கூடிய பொருள். 1957இல் விண்ட்ஸ்கேல் எரிந்தது, 1986இல் செர்னோபில் எரிந்தது. எரியும் கரியை வைத்து உலை கட்டிவிட்டு அதை மேம்படுத்துகிறோம் என்றால் எனக்குப் புரியவில்லை.

நியூட்ரான்_நேசன்

முதல் கேள்வி நியாயமானது. ஓர் ஏஜிஆர் உலையில் எரிபொருள் தடச் செங்கற்கள் மட்டும் சுமார் 3000. இரண்டாகப் பிளந்தாலும் செங்கல் பக்கத்துச் செங்கற்களின் பிடியில் அங்கேயே நிற்கும். கவலை வேறு: நிலநடுக்கம் மாதிரி ஓர் அசைவு வந்தால் தடம் கோணி, கட்டுப்பாட்டுக் கோல் இறங்காமல் சிக்குமா என்பதுதான். அதனால்தான் அதிக மூட்டுகள் கொண்டு வளைந்து இறங்கும் கோல்களைச் சேர்த்தார்கள். அதுவும் போதாவிட்டால் நைட்ரஜன் செலுத்தி உலையை நிறுத்தும் ஏற்பாடும் உண்டு.

விண்ட்ஸ்கேல் வேறு கதை. அது காற்றால் குளிர்விக்கப்பட்ட, குறைந்த வெப்பத்தில் ஓடிய உலை. குறைந்த வெப்பத்தில் தெறித்த அணுக்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் ஆற்றலைச் சேமித்து வைத்துக்கொள்ளும். விக்னர் ஆற்றல் என்பது இதுதான். அதை வெளியேற்ற அவ்வப்போது உலையை வேண்டுமென்றே சூடாக்குவார்கள். 1957 அக்டோபரில் அப்படிச் சூடாக்கியபோதுதான் கைமீறியது. பின்னால் உள்ளே பார்த்தபோது முக்கியமாக எரிந்தது எரிபொருள் உருளைகள்தான், கிராஃபைட் சேதம் நினைத்த அளவு இல்லை. சில நூறு டிகிரிக்கு மேல் ஓடும் உலைகளில் அணுக்கள் அவ்வப்போதே இடம் திரும்பிவிடுவதால் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை.

சூடான கிராஃபைட்டைக் காற்று தின்னும் என்பது உண்மை. அதற்காகத்தான் உயர்வெப்ப உலைகளில் ஹீலியம் வைக்கிறார்கள். ஏஜிஆரில் ஓடுவது கார்பன் டை ஆக்சைடு. கதிர்வீச்சுப் பட்டு அது கிராஃபைட்டை மெதுவாக அரிக்கும். அரிப்பைத் தடுக்கக் கொஞ்சம் மீத்தேன் கலப்பார்கள். மீத்தேன் அதிகமானால் எரிபொருள் குழாய் மேல் கரி படியும். இரண்டுக்கும் நடுவில் ஓட்ட வேண்டிய வண்டி அது.

தீவகத்தான்

வணக்கம், நான் யாழ்ப்பாணம். எங்கட நாட்டுப் போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் வரும் பென்சிற்கரி பாறை வெடிப்புகளுக்குள் நரம்பு மாதிரி ஓடுவது. தொண்ணூற்றைந்து வீதத்துக்கு மேல் கரியுள்ளது எண்டு பெருமையாகச் சொல்வோம். அப்படி இருக்க ஏன் கோக்கைச் சுட்டு ஆறு மாதம் மினக்கெட வேணும்? தோண்டி எடுத்துப் பாவிக்கலாமே?

கரிமேடு_கண்ணன்

அதே கேள்வி சிவகங்கைக்கும். டாமின் (தமிழ்நாடு கனிம நிறுவனம்) அங்கே கிராஃபைட் தோண்டுகிறதே, அது கல்பாக்கத்துக்குப் போகுமா?

நியூட்ரான்_நேசன்

இரண்டு பேருக்கும் சேர்த்து. இயற்கைக் கிராஃபைட்டின் படிகம் மிக ஒழுங்கானது. அந்த ஒழுங்கே இங்கே தொல்லை. அழுத்திக் கட்டியாக்கினால் தகடுகள் ஒரே பக்கமாகப் படுத்துவிடும், பிஜிஏவில் பார்த்த அதே பிரச்சினை இன்னும் மோசமாக வரும். தோண்டி எடுத்ததில் தாது அசுத்தங்களும் இருக்கும்.

ஆனால் ஓரிடத்தில் இயற்கைக் கிராஃபைட்டுக்கு மரியாதை உண்டு. கூழாங்கல் உலைகளில் எரிபொருளே 6 சென்டிமீட்டர் விட்ட உருண்டை. அதில் எரிபொருள் துகள்களைச் சுற்றி நிரப்பும் கலவையில், ஜெர்மானியர்கள் உருவாக்கிய ஏ3-3 என்ற செய்முறைப்படி, 64 சதவீதம் சுத்திகரித்த இயற்கைக் கிராஃபைட், 16 சதவீதம் செயற்கைக் கிராஃபைட், மீதி பீனாலிக் பிசின். அந்த உருண்டை சில வருஷங்களில் வெளியே வந்துவிடும், பல பத்தாண்டு தாங்க வேண்டியதில்லை.

கல்பாக்கத்து மெட்ராஸ் அணுமின் நிலைய உலைகளின் மாடரேட்டர் (நியூட்ரானை மெதுவாக்கும் பொருள்) கனநீர். அங்கே கிராஃபைட் செங்கலுக்கு வேலையில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த சிறிய உயர்வெப்ப உலைத் திட்டத்தில் மாடரேட்டர் பெரிலியம் ஆக்சைடு. கிராஃபைட் அதில் நியூட்ரானைத் திருப்பியடிக்கும் உறையாக வருகிறது.

பழைய_உலைக்காரன்

இதுவரை பேசியதில் ஒன்று விட்டுப்போகிறது. கில்சோகார்பன் அவ்வளவு நல்லதென்றால் இன்றைக்கும் அதையே செய்யலாமே, ஏன் செய்யவில்லை? காரணம், அந்தக் கோக் இப்போது கிடையாது. கில்சோனைட் இன்னும் தோண்டுகிறார்கள், ஆனால் அது துரப்பணச் சேற்றுக்கும் மைக்கும் போகிறது. அமெரிக்காவில் கொலராடோவின் ஃபோர்ட் செயின்ட் வ்ரெயின் உலைக்குப் பயன்பட்ட எச்-451 வகைக்கும் இதே கதிதான். அதற்கென்று பத்தாண்டுக் கணக்கில் சேர்த்த கதிர்வீச்சுத் தரவு அலமாரியில் இருக்கிறது, கட்டி சந்தையில் இல்லை.

கோக் செய்கிறவனுக்கு அணு உலை ஒரு வாடிக்கையாளரே இல்லை. அவனுக்கு அலுமினியம் உருக்குகிறவன் வேண்டும், என்னை மாதிரி எஃகு உருக்குகிறவன் வேண்டும், இப்போது பேட்டரிக்காரன் வேண்டும். சுத்திகரிப்பு ஆலை கச்சா எண்ணெயை மாற்றினால் கோக்கின் குணமும் மாறும். கந்தகம் கொஞ்சம் ஏறினாலே 1500 டிகிரிக்கு மேல் போகும்போது கட்டி உப்பி வெடிக்கும். கோக் மாறினால் கட்டி வேறு கட்டி, தரவு வேறு தரவு. ஆய்வுக்கூடத்தில் அருமையான கிராஃபைட் செய்வது பெரிய விஷயமில்லை. அதே மாதிரி இருபது வருஷம் கழித்தும் செய்ய முடிய வேண்டும். இந்தத் துறையின் உண்மையான ஆராய்ச்சிப் பிரச்சினை என்று நான் நினைப்பது இதைத்தான்.

கேள்விக்கொத்து

இது நான் எதிர்பார்க்காத கோணம். சரி, புதிய வகை வந்தால் அது நாற்பது வருஷம் தாங்கும் என்று எப்படிச் சோதிப்பது? நாற்பது வருஷம் காத்திருப்பதா?

நியூட்ரான்_நேசன்

நியூட்ரான் அடர்த்தி அதிகமான சோதனை உலையில் வைத்துக் காலத்தைச் சுருக்குவார்கள். ஐடஹோ தேசிய ஆய்வகத்தின் ஏடிஆர் உலையில் 2009இல் தொடங்கிய ஏஜிசி என்ற கிராஃபைட் சோதனைத் திட்டம் நல்ல உதாரணம். மாதிரி ஒவ்வொன்றும் சுமார் 12.5 மில்லிமீட்டர் விட்டம், 25 மில்லிமீட்டர் நீளம். விரல்நுனி அளவுதான். எல்லாம் இணை இணையாகப் போகும். ஒன்றை உலையின் நடுமட்டத்துக்கு மேலே வைத்து 14, 17 அல்லது 21 மெகாபாஸ்கல் அழுத்தம் கொடுப்பார்கள். அதன் ஜோடியைக் கீழே அதே தூரத்தில் அழுத்தமில்லாமல் விடுவார்கள். இரண்டும் வாங்கும் நியூட்ரான் அடி ஏறத்தாழ ஒன்று. வெளியே எடுத்து நீளத்தை அளந்து கழித்தால், அழுத்தத்தால் மட்டும் வந்த மாற்றம் கிடைக்கும். அதற்குப் பெயர் கதிர்வீச்சு கிரீப்.

இந்த கிரீப் நம் நண்பன். சாதாரணமாகக் கிராஃபைட் 2000 டிகிரிக்குக் கீழே இழுவைக்கு அசைந்து கொடுக்காது, உடையும். நியூட்ரான் மழையில் மட்டும் சில நூறு டிகிரியிலேயே மெல்ல நெகிழ்ந்து உள்விசையைத் தணித்துக்கொள்கிறது. இது மட்டும் இல்லையென்றால் ஏஜிஆர் செங்கற்கள் வெகு சீக்கிரமே உடைந்திருக்கும்.

ஏஜிசியின் கடைசி மாதிரிக் கலம் உலையிலிருந்து வெளிவரப் பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. வெந்த மாதிரிகளை அளப்பது அதற்கப்புறம். அயனிக் கற்றையை அடித்துச் சில நாளில் அதே சேதத்தை உண்டாக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. அது தோலில் மட்டும் ஆழமில்லாமல் படும் சேதம் என்பதால், செங்கல் கணக்குக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

வடசென்னைவாசி

அப்போ இன்றைக்கு யார் எதை வாங்குகிறார்கள்?

நியூட்ரான்_நேசன்

ஆசியாவில் அதிகம் பெயர் வாங்கியது ஜப்பானின் டோயோ டான்சோ செய்யும் ஐஜி-110. துகள் சராசரியாக 20 மைக்ரான்தான். எல்லாப் பக்கமும் சமமாக நீரழுத்தத்தில் அமுக்கிச் செய்வதால் திசை வேறுபாடு மிகக் குறைவு. ஜப்பானின் எச்டிடிஆர், சீனாவின் எச்டிஆர்-10, 2023 டிசம்பரில் வணிக ரீதியாக ஓடத் தொடங்கிய ஷான்டோங் மாகாணத்து எச்டிஆர்-பிஎம் என்று இந்த உயர்வெப்ப உலைகள் எல்லாவற்றிலும் அதுதான். இதற்கு நேரெதிர் ஜெர்மனியின் எஸ்ஜிஎல் செய்த என்பிஜி-18. பிட்ச் கோக், 1.6 மில்லிமீட்டர் வரை பருமனான துகள், அதிர்வு அச்சு.

எது உசத்தி என்றால் சண்டைதான் வரும். நுண்துகள் கட்டிக்கு வலிமை அதிகம். ஆனால் விரிசல் ஒன்று தொடங்கிவிட்டால் தடுக்க ஆளில்லாமல் நேரே ஓடும். பெருந்துகள் கட்டியில் விரிசல் துகளைச் சுற்றி வளைந்து வளைந்து போய்க் களைத்துவிடும். எரிபொருளை உருகிய உப்பில் கரைத்து ஓட்டும் உருகிய உப்பு உலைக்கு வந்தால் கணக்கே வேறு. அங்கே துளைகள் ஒரு மைக்ரானுக்கும் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்பும் செனான் வாயுவும் உள்ளே புகுந்துவிடும். அங்கே நுண்துகளைத் தவிர வழியில்லை.

பழைய_உலைக்காரன்

உப்பு உலைக்காரர்கள் ஒரு விதத்தில் கெட்டிக்காரர்கள். ஓக் ரிட்ஜில் பெரிய உப்பு உலைக்கு வரைபடம் போட்டபோதே, நாலு வருஷத்துக்கு ஒருமுறை கிராஃபைட்டை மாற்றுவது என்று எழுதி வைத்துவிட்டார்கள். கனடாவின் டெரஸ்ட்ரியல் எனர்ஜி வடிவமைப்பில் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை உலைக்கலத்தையே மாற்றுவதாக இருக்கிறது. எலக்ட்ரோடு மாற்றிப் பழகிய எனக்கு இதுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது. நாற்பது வருஷம் தாங்கும் கட்டியைத் தேடுவதைவிட, கழற்றி மாட்டும்படி உலையைக் கட்டுங்கள்.

நியூட்ரான்_நேசன்

மாற்றலாம். மாற்றியதை எங்கே போடுவது? உலகத்தில் ஏற்கெனவே சுமார் 2,50,000 டன் கதிர்வீச்சுப் பட்ட கிராஃபைட் கிடக்கிறது. அதில் உருவாகியிருக்கும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனுக்கு அரை ஆயுள் 5700 ஆண்டு. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு குவியலைச் சேர்த்தால் அந்தக் கணக்கையும் மின்சார விலையில் எழுத வேண்டும்.

ரஷ்யர்கள் இன்னொரு வழி காட்டினார்கள். லெனின்கிராட் நிலையத்தின் முதல் உலையில் கிராஃபைட் அடுக்குகள் வீங்கிக் கோணியபோது, 2012, 2013 வாக்கில் இயந்திரம் இறக்கி அறுத்து இடம் பண்ணி நேராக்கினார்கள். மறுபடி சில வருஷம் ஓடியது. துணிச்சல்தான், ஆனால் எல்லா வடிவத்துக்கும் பொருந்தாது.

வடசென்னைவாசி

ஹன்டர்ஸ்டன் 1976இல் ஓடத் தொடங்கியது என்று இப்போதுதான் பார்த்தேன். கிட்டத்தட்ட 46 வருஷம். விரிசலைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், அந்தச் செங்கல் மோசமில்லை போலிருக்கிறதே! ஆனாலும் புதிதாக ஒன்று கட்ட நினைப்பவன் அந்தச் செங்கலை வாங்க முடியாது என்பதுதான் இடிக்கிறது.

கரிமேடு_கண்ணன்

நம் ஊரில் துர்காபூர், மண்டிதீப் பக்கம் எலக்ட்ரோடு ஆலைகள் இருக்கின்றனவே. ஃபர்னஸ் இருக்கிறது, ஆள் இருக்கிறது. அணுத்தரம் செய்ய என்ன தடை?

பழைய_உலைக்காரன்

ஃபர்னஸ் தடையில்லை. சமமாக உருவமைக்கும் பெரிய அழுத்தக் கலம், ஆலஜன் சுத்திகரிப்பு, ஒரே குணத்தில் தொடர்ந்து வரும் கோக், அப்புறம் செய்ததை உலையில் வைத்துப் பார்க்கப் பத்து வருஷப் பொறுமை. விற்பனையும் சுதந்திரமாக நடக்காது. போரான் சமானம் (அசுத்தங்கள் விழுங்கும் நியூட்ரானைப் போரான் கணக்கில் சொல்வது) பத்து லட்சத்தில் 5 பங்குக்குக் கீழ், அடர்த்தி 1.5க்கு மேல் என்றாலே அது அணுசக்திப் பொருள் வழங்குவோர் குழுவின் பட்டியலில் வந்துவிடும். சீனாவும் 2023 டிசம்பர் முதல் உயர்தரக் கிராஃபைட் ஏற்றுமதிக்கு அனுமதி கேட்கச் சொல்லிவிட்டது. வாங்குகிறவன் எத்தனை உலை கட்டப்போகிறான் என்று முதலில் கையெழுத்துப் போட்டால், ஆலைக்காரன் யோசிப்பான்.

கேள்விக்கொத்து

எல்லோருக்கும் நன்றி. கார்பன்-14 கழிவு பற்றித் தனி இழை தொடங்குகிறேன், அதை அங்கே பேசலாம். உலைக்காரர் அண்ணே, கந்தகத்தால் கட்டி உப்புவது பற்றி இன்னும் விவரம் இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.